தலைவர் மாறிய கதையை டெர்மினலில் படிப்பது

திங்கட்கிழமை காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன். "தம்பி, மூணு பேர் பணம் கட்டியிருக்காங்க, ரசீது எண்ணோட எஸ்எம்எஸ் காட்டுறாங்க. நம்ம சிஸ்டத்துல அந்த ரசீதே இல்ல." அப்ளிகேஷன் எழுதினவங்களைக் கேட்டா, கமிட் வெற்றி என்று டேட்டாபேஸ் பதில் சொன்ன பிறகுதான் எஸ்எம்எஸ் போகும், வேற வழியே இல்லைன்னு அடிச்சு சொல்றாங்க. டேட்டாபேஸ் என் பொறுப்பு. கமிட் ஆன வரி காணாமல் போச்சுன்னா அது என் தலையில்தான் விடியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது இது. மூன்று மெஷின், அவற்றில் போஸ்ட்கிரெஸ், மேலே பேட்ரோனி, தலைவர் யார் என்ற பூட்டை வைத்திருக்க எட்சிடி. ஃபெயில்ஓவர் நடந்ததா, எப்போ, ஏன், எதையாவது தொலைச்சோமா என்ற நாலு கேள்விக்கும் டெர்மினலில் பதில் தேடினதைத்தான் எழுதி வைக்கிறேன். நாலுக்கும் பதில் ஒரே இடத்தில் இல்லை என்பதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துகளில் அடிச்சுக்குங்க.

எல்லாரும் முதலில் அடிக்கிறது 'பேட்ரோனிசிடிஎல் லிஸ்ட்'. நானும் அதைத்தான் அடிச்சேன். மூணு மெஷினும் பச்சை. ஒருத்தர் லீடர், ரெண்டு பேர் ரெப்ளிகா, நிலை ஸ்ட்ரீமிங், பின்தங்கல் சுழியம். பார்த்தா ஒரு குறையும் தெரியாது. இந்தக் கட்டளை இந்த நிமிஷத்தை மட்டும் சொல்லும். நேற்று ராத்திரி வீடு எரிஞ்சு, அணைச்சு, வெள்ளையும் அடிச்சாச்சுன்னா வெள்ளை அடிச்ச சுவர்தான் தெரியும்.

ஆனா அந்த அட்டவணையில் 'டிஎல்' என்று ஒரு சின்ன நெடுவரிசை இருக்கு. டைம்லைன் எண். ஒரு ரெப்ளிகா தலைவராக உயரும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்கிரெஸ் இந்த எண்ணை ஒன்று கூட்டும். வெள்ளிக்கிழமை நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் 3. இப்போ 4. இடையில் யாரோ தலைவராகியிருக்காங்க என்பதற்கு லிஸ்ட் கட்டளையில் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். அதுவும் பழைய எண் தெரிஞ்சிருந்தாத்தான் பிரயோஜனம்.

அடுத்தது 'பேட்ரோனிசிடிஎல் ஹிஸ்டரி'. இது ஒவ்வொரு தலைமை மாற்றத்துக்கும் ஒரு வரி தரும்: டைம்லைன், எல்எஸ்என், காரணம், நேரம். சமீபப் பதிப்புகளில் புதுத் தலைவரின் பெயரும் வரும். படிக்கச் சுலபமா இருக்கும், ஆனா நாலு நெடுவரிசையிலும் ஒவ்வொரு வழுக்கல் இருக்கு.

டைம்லைன் நெடுவரிசையில் இருப்பது முடிந்துபோன டைம்லைன். '3' என்று ஒரு வரி இருந்தா, 3 முடிஞ்சு 4 பிறந்தது என்று அர்த்தம். நான் முதலில் 3 பிறந்த நேரம் என்று நினைச்சு அரை மணி நேரம் வேற எங்கேயோ தேடினேன்.

எல்எஸ்என் என்பது டிரான்சாக்‌ஷன் லாக்கில் கிளை பிரிந்த இடம். போஸ்ட்கிரெஸ் இதை எல்லா இடத்திலும் சாய்கோடு போட்டு, பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்ணாகக் காட்டும். பேட்ரோனியின் ஹிஸ்டரி மட்டும் சாதாரணப் பத்தடிமான எண்ணாகக் காட்டும். கீழே சொல்லப்போகும் ரெண்டாவது சம்பவத்தில் அங்கே இருந்தது 9781117080. இதை 4294967296-ஆல் வகுத்தா ஈவு 2, மீதி 1191182488. அந்த மீதியைப் பதினாறடிமானத்துக்கு மாற்றினா 47000098. ஆக இடம் 2/47000098. கையால் செய்ய வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து எல்எஸ்என் மதிப்போடு எண்ணைக் கூட்ட முடியும். '0/0' என்ற எல்எஸ்என்னோடு அந்தப் பெரிய எண்ணைக் கூட்டச் சொன்னா விடை வந்துடும்.

காரணம் என்ற நெடுவரிசைதான் ரொம்ப ஏமாற்றும். அங்கே எப்போதும் 'மீட்பு இலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை' என்ற பொருளில் ஒரு ஆங்கில வாசகம் இருக்கும். அது பேட்ரோனி கண்டுபிடிச்ச காரணம் கிடையாது. போஸ்ட்கிரெஸ் தலைமைக்கு உயரும்போது தன் ஹிஸ்டரி கோப்பில் வழக்கமாக எழுதும் சடங்கு வரி. நீங்களே திட்டமிட்டு ஸ்விட்ச்ஓவர் செய்தாலும் அதே வரிதான், மெஷின் செத்து ஃபெயில்ஓவர் ஆனாலும் அதே வரிதான். எங்க மேலாளர் இதைப் பார்த்துட்டு "யாரோ கான்ஃபிகரேஷன்ல இலக்கு போட மறந்துட்டாங்க போல" என்று ஒரு மெயிலே அனுப்பிட்டார்.

நேரம். இந்த நேரம் எட்சிடி கடிகாரத்திலிருந்து வருவதில்லை. புதுத் தலைவரின் 'பிஜி_வால்' டைரக்டரியில் உள்ள ஹிஸ்டரி கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைத்தான் பேட்ரோனி எடுத்துப் போடுது. ஆகவே அது புதுத் தலைவர் பதவியேற்ற நேரம். பழையவர் விழுந்த நேரம் அதற்கு முன்னால் இருக்கும். நேர மண்டலமும் அந்த மெஷினுடையது. எங்க சர்வர்கள் யுடிசியில் ஓடின. ஹிஸ்டரி காட்டியது சனிக்கிழமை 20:44:37. நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினா ஞாயிறு அதிகாலை 02:14:37. ராத்திரி ஷிஃப்ட் பையன் ஞாயிற்றுக்கிழமை லாக் முழுக்கத் தேடிட்டு "ஒண்ணும் இல்லண்ணே" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அவன் மேல் தப்பில்லை.

இந்த ஹிஸ்டரியின் மூலம் அந்தக் கோப்புதான். எட்சிடியே போய்விட்டாலும் அதை 'கேட்' போட்டுப் படிக்கலாம். பெயரில் எட்டு இலக்கம், பிறகு ஹிஸ்டரி என்ற நீட்சி. இலக்கம் பதினாறடிமானம் என்பதால் பத்தாவது டைம்லைனின் கோப்பு 10 என்று முடியாது, 'ஏ' எழுத்தில் முடியும். உள்ளே டைம்லைன், பிரிந்த இடம், அந்தச் சடங்கு வரி. நேரம் உள்ளே கிடையாது. கோப்பை வேற மெஷினுக்கு நகல் எடுக்கும்போது நேரத்தைக் காப்பாற்றாமல் விட்டா அதுவும் போச்சு.

எப்போ என்பது கிடைச்சாச்சு. ஏன் என்பதற்கு லாக்தான் கதி. புதுத் தலைவரின் லாக்கைத்தான் எல்லாரும் முதலில் திறப்பாங்க. அங்கே 'பூட்டைப் பெற்றுத் தலைவராக உயர்ந்தேன்' என்ற வரி இருக்கும், அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் தெரியாது. இறந்தவர் ஏன் இறந்தார் என்று வாரிசைக் கேட்டு என்ன பயன்? பதவி இழந்த மெஷினில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை பேட்ரோனி சேவைக்கு மட்டும், தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்து ஓட்டணும். ஒரு எச்சரிக்கை: 'வார்/லாக்/ஜர்னல்' டைரக்டரி இல்லாத மெஷினில் சிஸ்டம்டி இயல்பாக லாக்கை நினைவகத்தில் மட்டுமே வைக்கும். ரீபூட் ஆனா காலி. எங்களிடம் அந்த டைரக்டரி இருந்தது, புண்ணியம்.

பேட்ரோனி இயல்பான அமைப்பில் பத்து விநாடிக்கு ஒரு முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தலைவர் 'நான்தான் தலைவர், பூட்டு என்னிடம்' என்று ஒரு வரி எழுதுவார். சலிப்பூட்டும் வரி, எல்லாரும் கிரெப் போட்டு வடிகட்டித் தள்ளிடுவாங்க. எனக்குக் கை கொடுத்தது அதுதான். 02:14:04-க்கு அந்த வரி. அதன் பிறகு 51 விநாடிக்கு ஒரு எழுத்துகூட இல்லை. 02:14:55-க்கு அடுத்த வரி, அதில் நேராகப் பதவி இறங்கும் செய்தி. நெட்வொர்க் அறுந்திருந்தா, அந்த இடைவெளியில் எட்சிடியை எட்ட முடியவில்லை என்று பேட்ரோனி வரிவரியாகப் புலம்பியிருக்கும். புலம்பலே இல்லைன்னா பேட்ரோனிக்கே மூச்சு இல்லைன்னு அர்த்தம். அந்த வி.எம். மொத்தமாக உறைஞ்சு போயிருக்கு.

கணக்கும் சரியாக வந்தது. பூட்டின் ஆயுள் இயல்பாக 30 விநாடி. 02:14:04-க்குக் கடைசியாகப் புதுப்பித்தது 02:14:34 வாக்கில் காலாவதி. மூணு விநாடியில் ரெப்ளிகா ஒன்று பதவியேற்றிருக்கு.

இனி நாலாவது கேள்வி: என்ன தொலைஞ்சது? இங்கேதான் முதல் வாரம் தோற்றோம். பழைய தலைவர் உறக்கம் கலைஞ்சு எழுந்ததும், பேட்ரோனி தன் கடமையைச் செய்திருந்தது. பதவி இறக்கி, 'பிஜி_ரிவைண்ட்' ஓட்டி, கிளை பிரிந்த இடத்துக்குப் பிறகு அந்த மெஷின் தனியாக எழுதியதை அழித்து, புதுத் தலைவரைப் பின்பற்ற வைத்துவிட்டது. லாக்கில் ரிவைண்ட் எழுதிய 'எந்த இடத்தில் பிரிந்தார்கள்' என்ற வரி மட்டும் மிச்சம். கிளஸ்டரைக் குணப்படுத்தும் அதே வேலை தடயத்தையும் துடைச்சுடுது. லிஸ்ட் கட்டளையில் எல்லாம் பச்சையாக இருந்ததே அதனால்தான்.

எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் பட்டியலை வாங்கி ஒப்பிட்டோம். மூன்று இல்லை, பதினேழு ரசீது காணோம். நண்பர் ஒருவர், ரசீது எண்களின் வரிசையில் விழுந்திருக்கும் இடைவெளியை எண்ணினால் போதாதா என்று கேட்டார். போதாது. போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் 32 எண்களை முன்கூட்டியே லாக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். புதுத் தலைவர் அந்த முன்பதிவு முடிந்த இடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குவார். ஒரு வரிகூடத் தொலையாத ஃபெயில்ஓவரிலும் எண்ணில் ஓட்டை விழும்.

உறைந்து கிடந்த மெஷின் எப்படி கமிட் செய்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த வாரம் ரெண்டு காரியம் செய்தோம். பேட்ரோனி அமைப்பில் ரிவைண்டைத் தற்காலிகமாக அணைத்தோம். மறுபடி நடந்தா பழைய தலைவர் சேர முடியாமல் ஓரமாக நிற்பார், ஆனா அவருடைய 'பிஜி_வால்' அப்படியே இருக்கும். கூடவே, ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு கட்டளை: எதையும் சரிசெய்யும் முன் அந்த டைரக்டரியை நகல் எடு.

அடுத்த ஞாயிறு, கிட்டத்தட்ட அதே நேரம், மறுபடி நடந்தது. வருத்தப்படணுமா சந்தோஷப்படணுமா தெரியலை. ஹிஸ்டரியில் 4 முடிந்த வரி, நேரம் நம்ம கணக்குக்கு 02:13:20, எல்எஸ்என் மேலே சொன்ன 2/47000098.

இந்த முறை ஓரமாக நின்ற பழைய தலைவரின் நகலில் 'பிஜி_வால்டம்ப்' ஓட்டினேன். டைம்லைன் 4, தொடக்க இடம் 2/47000098, டிரான்சாக்‌ஷன் வகைப் பதிவுகள் மட்டும் என்று மூன்று விருப்பங்கள் கொடுத்தால், கிளை பிரிந்த பிறகு அந்த மெஷின் தனியாகச் செய்த கமிட்டுகள் ஒவ்வொன்றும் நேரத்தோடு வரிசையாக வரும். கடைசியில் பதிவு நீளம் தவறு என்று ஒரு பிழை காட்டி நிற்கும். பயப்பட வேண்டாம், லாக் அங்கே முடியுது, அவ்வளவுதான். கடைசிப் பதிவு முடிந்த இடம் 2/47031840. கழிச்சா 202664 பைட், சுமார் 198 கிலோபைட். அதற்குள் 26 கமிட்.

நேரங்களைப் பார்த்ததும் முதுகு சில்லிட்டது. எல்லாமே 02:13:31-க்கும் 02:13:38-க்கும் நடுவில். புதுத் தலைவர் பதவியேற்று பதினோரு விநாடி கழிச்சு, பழைய தலைவரும் கமிட் செய்துகொண்டிருந்திருக்கார். உறைந்து எழுந்த மெஷினின் கடிகாரத்தை நம்பலாமா என்று கேட்கலாம். உறைந்ததால் அது பின்தங்கியிருக்கலாமே தவிர முந்தியிருக்க வழியில்லை. அதனால் உண்மையான நேரம் இதுவோ இதற்குப் பிந்தியதோதான்.

நடந்தது இதுதான். வி.எம். உறைந்தபோது அப்ளிகேஷன் இணைப்புகள் அறுபடவில்லை, கோரிக்கைகள் வாசலில் வரிசையாகக் காத்திருந்தன. உறக்கம் கலைந்ததும் போஸ்ட்கிரெஸ் கதவைத் திறந்து அத்தனையையும் உள்ளே விட்டது. தான் பதவியில் இல்லை என்பது பேட்ரோனியின் அடுத்த சுற்று வரும்வரை அதற்குத் தெரியாது. அந்த ஏழெட்டு விநாடி ரெண்டு தலைவர்கள். ஹெச்ஏபிராக்ஸியில் ஒரு சர்வர் விழுந்ததாகக் குறித்தவுடன் பழைய இணைப்புகளையும் வெட்டச் சொல்லும் அமைப்பு உண்டு. எங்களிடம் அந்த ஒரு வரி விடுபட்டிருந்தது.

உறைவுக்குக் காரணம் மெய்நிகர் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவிடம் கிடைத்தது. ஞாயிறு அதிகாலை வாராந்திர முழு பேக்கப், புதுசா ஆரம்பிச்சது. அதற்கான ஸ்னாப்ஷாட்தான் தலைவரை உறைய வைத்திருக்கு. அதை நிறுத்தச் சொன்னோம். இணைப்பு வெட்டும் வரியைச் சேர்த்தோம். வாட்ச்டாக் போடலாமே என்று கேட்டாங்க, வி.எம். முழுசா உறைஞ்சா அதுக்குள்ளே ஓடும் மென்பொருள் வாட்ச்டாகும் கூடவே உறையும் என்பதால் அதை மட்டும் நம்ப எனக்கு மனசில்லை. ரசீது டேட்டாபேஸுக்கு பேட்ரோனியின் சிங்க்ரனஸ் முறையை இயக்கினோம். அதில் ரெப்ளிகாவிடமிருந்து ஒப்புதல் வராமல் கமிட் வெற்றி என்ற பதில் போகாது. தனியாக எழுந்த பழைய தலைவர் பதில் சொல்லாமல் காத்துக்கொண்டே இருப்பார், எஸ்எம்எஸ்ஸும் போகாது. ஒவ்வொரு கமிட்டும் கொஞ்சம் மெதுவாகும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த மெதுவை நான் சந்தோஷமாக ஏத்துக்குவேன்.

சிங்க்ரனஸ் இல்லாமல் ஓட்டுறவங்க ஒரு எண்ணை நினைவில் வைக்கணும். எவ்வளவு பின்தங்கிய ரெப்ளிகா வரை தலைவராகலாம் என்பதன் இயல்பு மதிப்பு 1048576 பைட், அதாவது ஒரு மெகாபைட். இதுதான் இழப்பின் உச்சம் என்று பலர் நினைக்கிறாங்க. தலைவரின் இடத்தை பேட்ரோனி நொடிக்கு நொடி குறிப்பதில்லை, சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால் மோசமான நிலையில் இந்த ஒரு மெகாபைட்டோடு, பூட்டின் ஆயுளான 30 விநாடியில் எழுதியதையும் சேர்த்துக்கணும்.

அமேசான் அரோராவில் இருக்கிறவங்களுக்கு நிலைமை வேற. அங்கே ஸ்டோரேஜை எல்லாரும் பகிர்ந்துகொள்வதால் இந்த 26 கமிட் மாதிரியான கதை எழாது, நிகழ்வுகளைப் பார்ப்பதும் 'ஏடபிள்யூஎஸ் ஆர்டிஎஸ் டிஸ்கிரைப்-ஈவென்ட்ஸ்' என்ற ஒரே கட்டளை. ஆனா அதுவும் கால அளவு கொடுக்காமல் அடிச்சா கடைசி 60 நிமிடத்தை மட்டும் காட்டும். காலையில் வந்து அடிச்சு, வெறும் பட்டியலைப் பார்த்துட்டு ராத்திரி ஒண்ணும் நடக்கலைன்னு எழுதினவங்களை எனக்குத் தெரியும். நிமிடக் கணக்கில் கால அளவு கொடுக்கணும், ஒரு நாளுக்கு 1440. 14 நாளுக்கு மேல் பழசு கிடைக்காது, வேணும்னா முன்பே எடுத்து வைக்கணும். மூல வகையைக் கிளஸ்டர் என்று கொடுக்காமல் இன்ஸ்டன்ஸ் என்று கொடுத்தா ஃபெயில்ஓவர் தொடங்கிய, முடிந்த செய்திகள் கண்ணில் படாது. நேரம் இங்கேயும் யுடிசிதான்.

எங்க 26 கமிட்டுக்கு வருவோம். வால்டம்ப் கமிட் நடந்ததைச் சொல்லும், உள்ளே இருந்த மதிப்பைச் சொல்லாது. டிரான்சாக்‌ஷன் எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினா எந்தக் கோப்பு எண்ணில் எழுதியது என்று தெரியும். புதுத் தலைவரிடம் அந்த எண்ணைக் கேட்டா டேபிள் பெயர் கிடைக்கும், ரெண்டு மெஷினிலும் எண் ஒன்றுதான். 26-ல் 9 ரசீது டேபிள், மற்றவை லாகின் விவரம் மாதிரிச் சில்லறை. மதிப்புகளுக்கு, பழைய டேட்டா டைரக்டரியின் முழு நகலைத் தனி மெஷினில், பேட்ரோனி இல்லாமல், நெட்வொர்க் மூடி, வாசிக்க மட்டும் எழுப்பினோம். ஒன்பது வரியும் பெயர், தொகை, நேரம் சகிதம் அப்படியே இருந்தது. அச்செடுத்துக் கணக்குப் பிரிவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா வாங்கிப் பார்த்துட்டு, "இது போன வாரத்தோடது இல்லையே?" என்றாங்க. முதல் வாரத்துப் பதினேழுக்கு எஸ்எம்எஸ் பட்டியல் மட்டும்தான் இருக்கு, அதில் ரசீது எண்ணும் தொகையும் உண்டு, எந்தக் கணக்கில் வரவு வைக்கணும் என்பது இல்லை. ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிக் கேட்டுத்தான் எழுதினாங்க.